தேங்காய் எண்ணெய் போட்ட கொம்பு

நான் என்ன வாத்தியம் வாசிக்கிறேன் என்று அந்தமானில் எங்கள் மாயாபந்தரில் யாராவது கேட்டால், 'ஹார்ன்' என்று சொல்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. சொன்னால், "லாரியிலயா, கப்பல்லயா?" என்பார்கள். இந்த நகைச்சுவையைத் தானே முதன்முதலில் கண்டுபிடித்ததாக ஒவ்வொருவருக்கும் நினைப்பு. அதனால் 'கொம்பு' என்று சொல்லிவிடுவேன். நத்தை போலச் சுருண்டு, ஒரு முனையில் அகல விரிந்த பித்தளைக் குழாய் அது. சுருளைப் பிரித்து நீட்டினால் இரண்டு ஆள் உயரம் வரும். இடது கையின் மூன்று விரல்கள் மூன்று வால்வுகளை இயக்கும். வலது கை அந்த விரிந்த வாய்க்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த வலது கையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பகலில் நான் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். எங்கள் பேண்டில் எல்லோருமே அப்படித்தான். ஜெட்டியில் டிக்கெட் கிழிப்பவர் டியூபா, மீன் வியாபாரி பெரிய டிரம், மின்சார வேலை பார்க்கும் தெலுங்குத் தம்பி சாக்ஸபோன். பேண்டு மாஸ்டர் பெங்காலி, பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். கொடியேற்றம், துர்கா பூஜை, பங்குனி உத்திரம் என்று யார் கூப்பிட்டாலும் போவோம். வாத்தியங்கள் எல்லாம் மெயின்லேண்டில் கலைந்துபோன ஏதோ ஒரு பேண்டிடமிருந்து கப்பலில் வந்தவை. எங்கள் கைக்கு வரும்போதே அவற்றுக்கு வயதாகிவிட்டிருந்தது.

அணிவகுத்து நடக்கும் மார்ச் பாட்டில் ஹார்னுக்கு என்ன வேலை தெரியுமா? டியூபா 'உம்' என்றால் ஹார்ன் 'பா' என்னும். உம்-பா, உம்-பா. மெட்டெல்லாம் டிரம்பெட்டுக்கும் சாக்ஸுக்கும். பன்னிரண்டு வருடம் நான் 'பா'வாகவே இருந்தேன். ஒரு நாள் காய்ச்சலில் வராமல் இருந்துவிட்டு மறுநாள் போனேன். நான் வரவில்லை என்பதே டிரம்பெட்காரருக்குத் தெரியவில்லை. எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா?

வீட்டிலும் எனக்குக் கேட்க ஆள் இல்லை. அம்மா இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சிறுமியாக இருக்கும்போது குடும்பத்தோடு கப்பலேறி, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். நான் அங்கே பிறந்தேன். இப்போது அம்மா என்னோடுதான் இருக்கிறாள். நான் பெட்டியிலிருந்து ஹார்னை எடுத்தால் போதும், கொல்லைப் பக்கம் போய்விடுவாள். தேயிலைத் தோட்டத்தில் விடியுமுன் கொம்பு ஊதித்தான் ஆட்களை எழுப்புவார்களாம். லயம் என்கிற வரிசை வீடுகளிலிருந்து ஓடிப்போய் வரிசையில் நிற்க வேண்டும். தலை எண்ணி, வேலை பிரித்து அனுப்புவார்கள். அதற்குப் பெயர் பெரட்டு.

"கொம்புச் சத்தம் கேட்டா இன்னமும் எனக்குக் கை வெறைக்குது. நீ ஊது தாயி, வேணாங்கல. நான் கோழியப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பாள்.

அவள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனாலும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பெற்ற தாய் ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்கக் கூடாதா என்று கோபம் கூட வந்ததுண்டு.

இனி ஹார்னின் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிரம்பெட்டின் வால்வு மேலும் கீழும் போகும் உருளை. மூடியைத் திருகினால் கையோடு வெளியே வந்துவிடும். ஹார்னின் வால்வு அப்படி இல்லை, உள்ளேயே சுழல்வது. அதைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், மரச் சுத்தியல் வேண்டும், பயப்படாத மனசும் வேண்டும். விரல் கட்டையை வால்வோடு இணைப்பது ஒரு நூல். அது அறுந்தால் தூண்டில் நரம்பைக் கட்டிக்கொள்வேன், அதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. விரல் கட்டையை மறுபடி மேலே தள்ளுவது ஒரு ஸ்பிரிங். அதைத்தான் உப்புக் காற்று தின்றது. நான் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரே மாதத்தில் மூன்று ஸ்பிரிங்கும் துருப்பிடித்து ஒடிந்தன. மெயின்லேண்டுக்கு எழுதிப் போட்டோம். "ஷிப்ல வரும்" என்றார்கள். வந்தது, எட்டு மாதம் கழித்து.

தீவில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு பழக்கம் உண்டு. பொருள் வரும்வரை வேலையை நிறுத்த மாட்டோம். அது இல்லாமலே செய்ய ஒரு வழி பார்ப்போம். வால்வே இல்லாமல் ஊதிப் பார்த்தேன். நீளக் குழாயில் உதட்டை இறுக்கியும் தளர்த்தியுமே ஏழெட்டு சுரம் கிடைத்தது. நடுநடுவே ஓட்டை. ஒரு நாள் ஹார்னின் வாய்க்குள் இருந்த வலது கையைத் தற்செயலாக உள்ளே தள்ளினேன், சத்தம் அரைச் சுரம் இறங்கியது. அடடே என்று இன்னும் மூடினேன், இன்னும் இறங்கியது. எட்டு மாதத்தில் உதட்டையும் உள்ளங்கையையும் வைத்தே ஒரு மெட்டை முழுசாக வாசிக்கப் பழகிவிட்டேன். ஒரே குறை, கையால் மூடிய சுரங்கள் மூக்கடைத்த மாதிரி கேட்கும்.

மாஸ்டர் ஒரு நாள் நின்று கேட்டார். அவர் என்னை தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். "தீதி, ஹார்னுக்கு ஜுகாம் புடிச்சிருக்கா?" என்றார். பேண்டே சிரித்தது. கொஞ்ச நாள் எல்லோரும் என்னைப் பார்த்தால் சளி பிடித்தவர் மாதிரி மூக்கை உறிஞ்சினார்கள். ஸ்பிரிங் வந்தது, வால்வு ஓடியது, நானும் அந்தக் கைப்பழக்கத்தை விட்டுவிட்டேன்.

அடுத்தது எண்ணெய். வால்வு சுழல அதற்கென்று ஒரு மெல்லிய எண்ணெய் உண்டு. ஆன்லைனில் தேடினால் 'உங்கள் பின்கோடுக்கு டெலிவரி இல்லை' என்று வரும். தீப்பிடிக்கும் சரக்கு என்று விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். ஆகவே பேண்டு முழுக்கத் தேங்காய் எண்ணெய்தான், துணியில் வடிகட்டியது. வால்வு சற்று சோம்பலாகத் திரும்பும், ஆனால் திரும்பும். எங்கள் தீவில் தேங்காய் எண்ணெய் உறைந்து நான் பார்த்ததில்லை. ஜனவரி விடியற்காலையில் கொஞ்சம் மங்கலாகும், அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான், ஜனவரியில் நீலகிரி மலையில் நடக்கும் பேண்டுப் போட்டிக்கு இரண்டு மாதம் முன்பே எங்களுக்கு அழைப்பு வந்தது. மாஸ்டர் உட்கார்ந்து ஒரு பாட்டை எழுதினார். அதன் தொடக்கத்தில் பதினாறு தாளக்கட்டு, ஹார்ன் மட்டும் தனியாக. வேறு ஒரு வாத்தியமும் கிடையாது.

"வேற எந்த பேண்டுலயும் இவ்ளோ பெரிய ஹார்ன் இருக்காது தீதி. ஜட்ஜ் சௌங்க் ஜாயேங்கே" என்றார். ஜட்ஜுகள் திடுக்கிட வேண்டுமாம். எனக்குக் கஷ்டம் வேண்டாம் என்று, அந்தக் குழாயின் சொந்த சுருதியிலேயே மெட்டை அமைத்திருந்தார்.

பன்னிரண்டு வருடத்தில் முதல் சோலோ. தாளை வாங்கிக்கொண்டு அலுவலகம் போனேன். அன்று ஒரு ஃபைலையும் உருப்படியாகப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் அந்தப் பதினாறு கட்டுகளையே வாசித்தேன். கொல்லையில் கோழிகள் பழகிவிட்டன, அம்மா பழகவில்லை.

கிளம்பும் அன்று நான் எண்ணெய் பாட்டிலைப் பெட்டியில் வைப்பதைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள். "மலைக்குத்தானே போற? அங்க தேங்கா எண்ணெ கட்டிப்போகும். நாங்கெல்லாம் போத்தல அடுப்பு கிட்ட வச்சுத்தான் தலைக்குத் தடவுவோம்."

"சரிம்மா" என்றேன். நான் எண்ணெய் தடவப்போவது தலைக்கு இல்லையே என்று அதை அங்கேயே விட்டுவிட்டேன். ஹார்னும் அதே எண்ணெயைத்தான் குடிக்கிறது என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. அலுவலகத்தில் ஆயிரம் கோப்பில் பிழை கண்டுபிடிக்கிற புத்தி இது.

பஸ்ஸில் பாராடாங் வந்து, படகில் ஏறி இறங்கி, போர்ட் பிளேரில் கப்பல் பிடித்தோம். மூன்று நாள் கப்பல். பிறகு ரயில், பிறகு மலைப் பஸ். வளைவுகளில் பாதி பேண்டு வாந்தி எடுத்தது. நான் ஜன்னலை விட்டு அசையவில்லை. தேயிலைச் செடியை நேரில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. இடுப்பளவு பச்சை, அதற்கு நடுவே தலையில் துணி கட்டிய பெண்கள். என் அம்மாவும் அவளுடைய அம்மாவும் நின்ற இடம் இப்படித்தான் இருந்திருக்கும். ஏனோ கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த சாக்ஸ் தம்பி வாந்தி வருகிறது போல என்று நினைத்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினான்.

மறுநாள் காலை எட்டரைக்குப் போட்டி. ஒரு பள்ளிக்கூட மைதானம். புல் வெள்ளையாக இருந்தது, உப்புப் படிந்த மாதிரி. எங்களிடம் இருந்த ஸ்வெட்டர்கள் மொத்தம் நான்கு. பெட்டிகளைத் திறந்தோம். முதலில் டிரம்பெட்காரர்தான் கத்தினார். "அரே, வால்வு ஜாம்!" அடுத்து இன்னொருவர். பிறகு எல்லோரும். நான் என் எண்ணெய் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளை மெழுகு. அப்போதுதான் அம்மா சொன்னது காதில் விழுந்தது, ஒரு வாரம் தாமதமாக.

டிரம்பெட்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள். மூடியைத் திருகி, உருளையை இழுத்து, சட்டையில் துடைத்து, எச்சிலைத் தடவி உள்ளே விட்டார்கள். ஐந்து நிமிட வேலை. என் வால்வுகள் உள்ளேயே சுழல்பவை ஆயிற்றே. மூன்றும் நட்ட கல்லாக நின்றன. விரல் அழுத்தாத நிலையில், காற்று நேராகப் போகிற மாதிரி நின்றது ஒன்றுதான் ஆறுதல்.

மைதானத்து வாசலில் ஒரு டீக்கடை இருந்தது. ஹார்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் நல்ல மனிதர், பாய்லர் பக்கத்தில் இடம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மூன்று வால்வும் இளகின. சந்தோஷமாக மைதானத்துக்குத் திரும்பினேன். வரிசையில் நிற்பதற்குள் மூன்றும் மறுபடி இறுகின. திரும்பவும் டீக்கடை, திரும்பவும் மைதானம், திரும்பவும் அதே கதை. மூன்றாவது முறை போகும்போது கடைக்காரர், "அக்கா, டீயாச்சும் குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

மாஸ்டர் அங்கேயே வந்துவிட்டார். ஒருமுறை என் விரல் கட்டைகளை அழுத்திப் பார்த்தார். "தீதி, சோலோ சாக்ஸ் கோ தே தேதே ஹைன்" என்றார் மெதுவாக. சாக்ஸுக்குக் கொடுத்துவிடலாமாம். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன், எளிதாக இருந்திருக்கும்.

"வேணாம் மாஸ்டர்ஜி. நான் வாசிக்கிறேன்."

"வால்வ் கே பினா?"

"வால்வு இல்லாம எட்டு மாசம் வாசிச்சிருக்கேன். ஜுகாம்னு சிரிச்சீங்களே."

டீக்கடைப் பின்சுவரைப் பார்த்து நின்று முதல் நான்கு கட்டுகளை வாசித்துக் காட்டினேன். பத்து வருடம் தொடாத பழக்கம். உள்ளங்கை மறக்கவில்லை, ஆனால் மூன்றாவது கட்டில் ஒரு சுரம் லேசாகத் தடுமாறியது. மாஸ்டர் தாடையைச் சொறிந்தார்.

"டீக் ஹை. ஆரம்பிங்க. ஆனா ஒரு நோட் ஃபட் கயா, ஒடைஞ்சிடுச்சுன்னா, நான் லெஃப்ட் ஹேண்ட சாக்ஸ் பக்கம் காட்டிடுவேன். அங்கேர்ந்து அவன் எடுத்துக்குவான். புரா மத் மான்னா."

தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்கிறார். பன்னிரண்டு வருடம் 'பா'வாக இருந்தவளிடம் சொல்கிறார். நான் மவுத்பீஸைக் கழற்றி உள்ளங்கைக்குள் பொத்தி, கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு வரிசைக்குப் போனேன். மவுத்பீஸ் சில்லிட்டால் உதடு மரத்துவிடும்.

எங்கள் முறை வந்தது. மூன்று ஜட்ஜுகள் கம்பளிக் குல்லாயோடு மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். மாஸ்டர் வலது கையில் கோலைத் தூக்கினார். அவருடைய இடது கை, விரல்கள் பாதி விரிந்தபடி, சாக்ஸ் தம்பியின் பக்கம் தயாராக நின்றது. எனக்கு அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது.

முதல் சுரம் திறந்த சுரம், சுலபம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு உள்ளங்கையை மடக்கினேன், இறங்கியது. வீட்டுச் சுவருக்குள் மூக்கடைத்த மாதிரி கேட்ட அதே சத்தம், அந்தத் திறந்த மைதானத்தில் வேறு மாதிரி கேட்டது. திறந்த சுரங்கள் பக்கத்தில் நின்றன. மூடியவை எதிர் மலையிலிருந்து யாரோ பதில் சொல்வது போல வந்தன. ஒரே ஆள் வாசிப்பது இரண்டு ஆள் பேசிக்கொள்வதாகிவிட்டது. இதை நான் திட்டமிடவில்லை. குளிரும் மலையும் சேர்ந்து செய்த வேலை.

எட்டாவது கட்டில் ஜட்ஜுகளில் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, கை உள்ளே மடங்கும்போதெல்லாம் அசைகிற என் வலது தோளையே பார்த்தார். பத்தாவதில் உதடு வழுக்கியது. சுரம் உடையப் போகிறது என்று தெரிந்தது. மாஸ்டரின் இடது கை ஒரு அங்குலம் அசைந்தது. 'இல்லை, இது என்னுடையது' என்று மனசுக்குள் ஒரு அதட்டல் போட்டு உள்ளங்கையை இறுக்கினேன். சுரம் நின்றது. பன்னிரண்டாவது கட்டில் நிமிர்ந்து பார்த்தேன். மாஸ்டர் தன் இடது கையைக் கால்சட்டைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிரில் யாருடைய கையும் பாக்கெட்டுக்குள்தான் போகும். ஆனால் அதுவரை அவர் போடவில்லை. மிச்ச நான்கு கட்டுகளை நான் வாசித்ததைப் போல என் வாழ்நாளில் எதையும் செய்ததில்லை. அப்படி ஒரு சுகம்.

பிறகு முழு பேண்டும் சேர்ந்தது, நான் மறுபடி 'பா' ஆனேன். வால்வு இல்லாமல் கிடைத்த 'பா'வை வாசித்தேன், கிடைக்காததை விட்டுவிட்டேன். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவர்கள் எங்களைப் போல மூன்று மடங்கு ஆள், எல்லோருக்கும் ஸ்வெட்டர் இருந்தது. சிறந்த தனி வாசிப்புக்கென்று தனியாக ஒரு கோப்பை உண்டு. அதற்கு ஒலிபெருக்கியில் எங்கள் ஊர் பெயரைச் சொன்னார்கள். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். சாக்ஸ் தம்பிதான், "அக்கா, உங்களத்தான்" என்று தள்ளிவிட்டான்.

கோப்பையைக் கொடுத்தபோது என் தோளைப் பார்த்த அந்த ஜட்ஜ் கேட்டார். "வால்வு கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி, பழைய காலத்துல எல்லாரும் இப்படிக் கையாலதான் வாசிச்சாங்க. இப்ப இதைப் பயிற்சி பண்றவங்க ரொம்பக் குறைவு. நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

மாஸ்டர் முந்திக்கொண்டார். "எங்க பேண்டுல இது ஒரு பரம்பரா, சார்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஸ்பிரிங் ஷிப்ல வர எட்டு மாசம் ஆச்சு சார், அப்பக் கத்துக்கிட்டேன். இன்னிக்கு வாசிச்சது, தேங்காய் எண்ணெய் உறைஞ்சு போனதால" என்று சொல்லிவிட்டேன். ஜட்ஜ் சிரித்த சிரிப்பில் குல்லாய் கழன்று விழுந்தது. மாஸ்டர் ஒரு நாள் என்னோடு பேசவில்லை. கப்பல் ஏறியதும் அவரே எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது என்னிடம் இருப்பது புது ஹார்ன். நான்கு வால்வு, கட்டைவிரலுக்கும் ஒரு வேலை. ஒரே வாத்தியத்துக்குள் இரண்டு ஹார்னின் குழாய்கள். கைக்குக் கனமாக இருந்தாலும் உதட்டுக்குப் பரம சுகம். உண்மையான வால்வு எண்ணெய் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கப்பலில் வருகிறது. வராவிட்டாலும் பயமில்லை. புதன்கிழமைப் பயிற்சியில் மாஸ்டரே, "தீதி, ஜுகாம் வாலா வாசிங்க" என்று கேட்கிறார். வால்வைத் தொடாமல் வாசிக்கிறேன்.

ஊர் திரும்பிய அன்று கோப்பையை மேசையில் வைத்தேன். அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள், எண்ணெய் உறைந்ததைச் சொன்னதும், "சொன்னேன்ல" என்றாள். சோலோவின்போது கை சும்மா இருந்த டிரம் அடிப்பவர் போனில் எடுத்த வீடியோ என்னிடம் இருந்தது. கேட்கிறாயா என்று கேட்கப் பயமாக இருந்தது. ஆனால் அவளே, "எங்க, காட்டு" என்றாள். ஒருமுறை பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவள் கையைப் பார்த்தேன். மடியில் அமைதியாக இருந்தது.

"பெரட்டுக் கொம்பு வெரட்டும். இது வெரட்டல" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தபடி, "எங்க தோட்டத்துல இப்பிடி ஊதியிருந்தா, ஒருத்தரும் எந்திரிச்சு வேலைக்குப் போயிருக்க மாட்டோம். படுத்துக் கேட்டுக்கிட்டே இருந்திருப்போம்" என்றாள்.

அந்தப் பங்குனி உத்திரத்துக்கு அம்மா வந்தாள். முதல் வரிசை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்று சோலோ எதுவும் இல்லை, சாதாரண மார்ச். டியூபா 'உம்' என்றது, நான் 'பா' என்றேன். பேண்டு முழுக்க முழங்கிக்கொண்டிருக்கும்போது, அதற்கும் மேலே அம்மா பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொல்வது எனக்குக் கேட்டது.

"நடுவுல நடுவுல 'பா'ங்குதே, அது எம் மக."